பெயர் சொல்லாத மனு

மார்லிஸ் ட்வெட் கையில் எடுத்த மனு தோற்றதாக அந்தப் பல்கலைக்கழகத்தில் யாரும் கேள்விப்பட்டதில்லை. ஆனர்ஸ் என்கிற உயர்தரப் பிரிவுப் பிள்ளைகளுக்குப் படிப்பு ஆலோசகர் என்று ஒரு நாற்காலி உண்டு. அதில் அவள் உட்கார்ந்த பிறகு ஒரு தலைமுறைப் பிள்ளைகள் படித்து வெளியே போய்விட்டார்கள். எந்தப் பாடத்தை எந்தப் பருவத்தில் எடுப்பது என்று சொல்வது அவள் சம்பளத்துக்குச் செய்த வேலை. மனசு வைத்துச் செய்த வேலை வேறு. பிள்ளைகளில் சிலருக்கு வீட்டில் இடி விழும். தாய்க்குப் புற்றுநோய் வரும், அண்ணன் சிறைக்குப் போவான், சில பிள்ளைகளுக்குப் படுக்கையை விட்டு எழுந்திருக்கவே முடியாமல் போகும். மதிப்பெண் சரியும். நாலுக்கு எண்ணுகிற சராசரி மூன்றரைக்குக் கீழே போனால் ஆனர்ஸ் போச்சு. அப்படிப்பட்டவர்களுக்கு விதியைத் தளர்த்துவதற்கென்றே ‘சிறப்புச் சூழ்நிலைக் குழு’ என்று ஒன்று மாதாமாதம் கூடும். அதன்முன் பிள்ளைக்காகப் போய்ப் பேசுகிறவர் ஆலோசகர். மார்லிஸ் பேசினால் மேசையைச் சுற்றி ஒருவராவது மூக்கைச் சிந்துவார்.

அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. கொஞ்சம் என்பது அவளுடைய அளவு. கூட வேலை பார்த்தவர்களைக் கேட்டால் வேறு அளவு சொல்வார்கள்.

குழுவுக்கு ஒரு விதி. பிள்ளையின் பெயரையோ ஊரையோ அங்கே சொல்லக் கூடாது. ‘இந்த மாணவி’, ‘இந்த மாணவர்’ என்றுதான் பேச வேண்டும். நல்ல விதிதான். ஆனால் அதைப் போட்டவர் யாரோ பெரிய நகரத்துக்காரராக இருக்க வேண்டும். இந்த வடக்கு டக்கோட்டா மாநிலம் முழுவதிலும் இருக்கிற ஜனத்தைத் திரட்டினால் அவர் ஊரின் ஒரு பேட்டைக்குக் காணாது. இங்கே இரண்டு பேர் புதிதாகச் சந்தித்தால் எந்த ஊர், யார் வீடு, எந்தச் சர்ச் என்று விசாரித்துக்கொள்வார்கள். அதற்குள் இருவருக்கும் பொதுவாக ஒரு சித்தப்பாவோ ஒரு பள்ளிக்கூட வாத்தியாரோ அகப்பட்டுவிடுவார். அகப்பட்ட பிறகுதான் இருவருக்கும் நிம்மதியாகக் காப்பி இறங்கும்.

மார்லிஸே ஜோரி ஹௌகனை முதல் நாள் அப்படித்தான் பிடித்தாள். ஸ்டோர்மோ பக்கம் என்று அந்தப் பெண் சொன்னதும், ஸ்டோர்மோ பள்ளிக்கூடத்தில் தன் ஒன்றுவிட்ட அக்காள் பாட்டு டீச்சராக இருந்ததைச் சொன்னாள். ஜோரி சிரித்தாள். “அவங்க என்னை வாய மட்டும் அசைக்கச் சொல்லுவாங்க” என்றாள். அன்றிலிருந்து இரண்டு பேருக்கும் ஒத்துப்போயிற்று.

மூன்றாம் வருஷத்து மார்ச் மாதம், வெளியே பனி இளகிச் சேறாகி, சேறு மறுபடி உறைந்து கிடந்த ஒரு காலையில் ஜோரி வந்தாள். பூட்ஸை வாசலிலேயே கழற்றிவிட்டுக் கம்பளிக் காலுறையோடு வந்து உட்கார்ந்தாள். ஒல்லியான பெண், புறங்கை முழுக்க வெடிப்பு. என்னதான் குளித்துவிட்டு வந்தாலும் மாட்டுக்கொட்டகை வாசனை கோட்டில் ஒட்டிக்கொண்டு கூடவே வந்திருந்தது. மார்லிஸுக்கு அந்த வாசனை பிடிக்கும். அவளும் அதில் வளர்ந்தவள்தான்.

“ஆனர்ஸ விட்டுடறேன் மார்லிஸ். ஒரு கையெழுத்துப் போட்டுக் குடுங்க.”

“கையெழுத்து வாங்க வந்தியா, திட்டு வாங்க வந்தியா?”

“ரெண்டையும் சீக்கிரமா குடுத்தீங்கன்னா நான் கெளம்பிடுவேன். வீட்ல ஒரு கிடேரி இன்னிக்கோ நாளைக்கோங்கற மாதிரி நிக்குது.”

விஷயம் மெல்ல மெல்ல வந்தது. பிப்ரவரியிலிருந்து வீட்டில் மாடுகள் கன்று போடுகிற காலம். இந்த வருஷம் தலைச்சன் ஈத்துக் கிடேரிகள் நிறைய. ஒவ்வொன்றுக்கும் ஆள் பக்கத்தில் நிற்க வேண்டும். கன்றின் முன்னங்காலில் சங்கிலி போட்டு இழுக்க வேண்டும். வெளியே வந்த கன்றை ஈரத்தோடு விட்டால் அந்தக் குளிரில் காது உறைந்து உதிர்ந்துவிடும். ஜோரி இரண்டு மணி நேரம் வண்டி ஓட்டி வீட்டுக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். அதில் கரிம வேதியியல் சோதனைக்கூட வகுப்புகள் தவறிப்போயின. தவறின வகுப்புக்கு மறுவகுப்பு கிடையாது. பாடத்தை விட்டுவிடலாம் என்றால் அதற்கான கடைசி நாளும் தாண்டிப் போயிருந்தது. இப்படியே போனால் அந்த ஒரு பாடம் சராசரியை இழுத்துக்கொண்டு பள்ளத்தில் விழும். ஆனர்ஸ் போகும். ஆனர்ஸ் போனால், ஆனர்ஸ் பிள்ளைகளுக்கென்று பக்கத்து மாநிலக் கால்நடை மருத்துவக் கல்லூரியில் ஒதுக்கி வைத்திருக்கிற இடமும் போகும். அந்த இடத்தை ஜோரி முதல் வருஷத்திலேயே நேர்முகம் போய் வாங்கி வைத்திருந்தாள். சின்ன வயசிலிருந்து அவள் ஆசைப்பட்டது அது ஒன்றுதான்.

“கடைசி நாள் தாண்டினா என்ன. மனு போட்டுப் பாடத்த விட்டுடலாமே. அதுக்குத்தானே குழு இருக்கு” என்றாள் மார்லிஸ். “இலையுதிர் பருவத்துல மறுபடி எடுத்துப்ப. சரி, அப்பா இருக்காருல்ல? அவரு எங்க போனாரு?”

“இருக்காரு.”

“உடம்பு சரியில்லையா?”

ஜோரி புறங்கை வெடிப்பைக் கட்டைவிரலால் தேய்த்துக்கொண்டே இருந்தாள். “அம்மா போனதுலேர்ந்து குடிக்கறாரு. மத்தியானத்துக்கு மேல அவரு ஆளு கணக்குல வர மாட்டாரு.”

மார்லிஸ் எழுந்து கதவைச் சாத்திவிட்டு வந்தாள்.

“இத நீங்க குழுவுல சொல்லக் கூடாது” என்றாள் ஜோரி. “எங்க ஊர்ல யாருக்கும் தெரியாது. தெரிஞ்சவங்களும் தெரியாத மாதிரி இருக்காங்க. அந்த மட்டும் போதும் எங்களுக்கு. அவரு காலைல கடைக்குப் போயி நாலு பேரப் பாத்துச் சிரிச்சுப் பேசிட்டு வராரு. அது அவருக்கு வேணும்.”

“பேரு சொல்ல மாட்டாங்கம்மா அங்க.”

“பேரு சொல்லாட்டியும் வேணாம். அது அப்பாவோடது. நான் எடுத்துக் குடுக்கறதுக்கு அது என்னுது இல்ல.”

“அப்புறம் எதச் சொல்லி நான் கேக்கறது?”

“வீட்ல ஆள் இல்லன்னு சொல்லுங்க. உண்மதானே அது.”

“அது பத்தாதே.”

“பத்தலன்னா போகட்டும். எங்க ஊர்ல ஆனர்ஸ் இல்லாமயும் மாட்டு டாக்டர் ஆனவங்க இருக்காங்க. நாலஞ்சு வருஷம் கூட ஆகும். அவ்வளவுதானே.”

மார்லிஸ் சரி என்றாள். சொல்லும்போது மனதாரத்தான் சொன்னாள். பிறகு அந்த ‘போகட்டும்’ என்ற வார்த்தை அவள் காதில் நிற்கவில்லை. பிள்ளைகள் களைப்பில் ஆயிரம் சொல்லும், நாம்தான் விட்டுக்கொடுக்கக் கூடாது என்று அவளே அவளுக்குச் சொல்லிக்கொண்டாள்.

குழு கூடிய அன்று மேசையைச் சுற்றி மூன்று பேர். தலைமையில் துணை டீன் வான்டா கிம்பல். எதையும் சீக்கிரம் முடித்துவிட்டு அடுத்த கூட்டத்துக்கு ஓடுகிறவள். அவளுக்கு இடப்பக்கம் கணிதத்துறை கோவல்ஸ்கி; சிகாகோவிலிருந்து வந்தவர், மாட்டைப் பால் பாக்கெட் படத்தில் பார்த்திருப்பார். வலப்பக்கம் மண்ணியல் பேராசிரியர் ஆரின் ஸ்டாத். ஓய்வு பெறப்போகிறவர், பரந்த முகம், பேசுவதைவிடக் கேட்பது அதிகம்.

மார்லிஸ் சொன்ன வார்த்தைக்குக் கட்டுப்பட்டுத்தான் ஆரம்பித்தாள். இந்த மாணவியின் வீட்டில் கன்று போடுகிற காலம், கைக்கு ஆள் இல்லை, அதனால் வகுப்பு தவறியது என்றாள்.

கோவல்ஸ்கி பேனாவை உருட்டினார். “மாடு வருஷா வருஷம் கன்னு போடறதுதானே? திடீர்னு வந்த விஷயமா இது? சூழ்நிலைன்னு சொன்னா ஒத்துக்கறேன். இதுல சிறப்பு எங்க இருக்கு?”

“ஆளு வச்சுக்கலாமே” என்றாள் வான்டா.

“ஆளு எங்க கெடைக்கறான் இப்ப” என்றார் ஆரின். அவர் குரலில் பரிவு இருந்தது. ஆனால் ஒரு குரல் போதாது. மார்லிஸுக்குத் தோல்வியின் வாடை தெரிந்தது. அது அவளுக்குப் பழக்கமில்லாத வாடை. கை சும்மா இருக்கவில்லை, வாயும் சும்மா இருக்கவில்லை. அவள் கதை சொல்லத் தொடங்கினாள். விடியற்காலைக் குளிரில் இந்த மாணவி தன்னந்தனியாக முட்டி போட்டுக் கன்றை இழுப்பதை, கறுப்பு உடம்பின் நடுவில் வெள்ளைப் பட்டை போட்ட அந்தக் கன்றை வண்டியின் தரையில் கிடத்தி ஹீட்டரைப் போட்டுவிட்டு, அதன் காதைத் தன் கையுறைக்குள் வைத்துத் தேய்த்துக்கொண்டே வேதியியல் பாடத்தைப் படிப்பதைச் சொன்னாள். ஜோரி எப்போதோ சிரித்துக்கொண்டே சொன்ன சங்கதி அது. மார்லிஸ் சொன்னபோது அதில் சிரிப்பு இல்லை.

வான்டா பேனாவைக் கீழே வைத்தாள். கோவல்ஸ்கி மட்டும் அசையவில்லை.

“கேக்க நல்லா இருக்கு. ஆனா இந்தப் பொண்ணுக்கு அப்பா ஒருத்தர் இருக்காருன்னு மனுவுல போட்டிருக்கு. அவரு என்ன பண்ணிட்டிருக்காரு?”

அதற்குப் பதில் சொல்ல எனக்கு அனுமதி இல்லை என்று ஒரு வாக்கியம் இருக்கிறது. ஆலோசகர்களுக்கு முதல் வாரத்திலேயே சொல்லிக்கொடுக்கிற வாக்கியம். புதிதாக வந்தவர்களுக்கு மார்லிஸே எத்தனையோ முறை சொல்லிக்கொடுத்திருக்கிறாள். அது நாக்கு நுனி வரை வந்தது. கோவல்ஸ்கியின் புருவம் தூக்கியிருந்ததைப் பார்த்தாள். அந்தப் புருவத்தை இறக்கிவிட வேண்டும் என்று மட்டும் தோன்றியது.

“குடிக்கறாரு” என்றாள். “ரெண்டு வருஷத்துக்கு முன்னால அம்மா தவறிட்டாங்க. அதுலேர்ந்து மத்தியானத்துக்கு மேல அவரால நிக்க முடியறதில்ல. மாடு, வீடு, அப்பா, மூணையும் இந்தப் பொண்ணுதான் பாத்துக்குது. வெளில ஒருத்தருக்கும் தெரியாம.”

கோவல்ஸ்கி புருவத்தை இறக்கினார். ஆரின் ஸ்டாத் கண்ணாடியைக் கழற்றி ஸ்வெட்டரில் துடைத்தார், துடைத்ததையே மறுபடி துடைத்தார். “அம்மாவுக்கு என்ன ஆச்சு, கணையத்துல புத்துநோயா?” என்று கேட்டார். மார்லிஸ் தலையாட்டினாள். அவர் வேறு ஒன்றும் கேட்கவில்லை.

மூன்று பேரும் கை தூக்கினார்கள். மார்லிஸ் நடைபாதையில் திரும்பி வரும்போது அவள் காலில் ஒரு துள்ளல் இருந்தது. அதை நினைத்தால்தான் இன்றைக்கும் அவளுக்குத் தன்மேல் ஆத்திரம் வரும்.

அன்றைக்கே போன் செய்தாள். பின்னால் மாடு கத்துவது கேட்டது.

“கெடச்சாச்சும்மா. பாடத்த விட்டாச்சு, ஆனர்ஸ் அப்படியே இருக்கு, அந்த இடமும் அப்படியே இருக்கு.”

“அப்பா பத்தி ஒண்ணும் பேச்சு வரலையே?” என்றாள் ஜோரி.

“உன் பேரே அங்க வரலம்மா.”

ஒவ்வொரு வார்த்தையும் உண்மை. உண்மையை மட்டுமே வைத்துக்கொண்டு அத்தனை சுத்தமான பொய்யைச் சொல்ல முடியும் என்று மார்லிஸுக்கு அன்றுதான் தெரிந்தது. அந்தப் பெண் நன்றி சொன்னாள். சொல்லிவிட்டு அழுதாள்.

அடுத்த வெள்ளிக்கிழமை மதியம், காப்பிக் கடை வரிசையில் ஆரின் ஸ்டாத் மார்லிஸின் முழங்கையைத் தொட்டார். ஓரமாகக் கூட்டிக்கொண்டு போனார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

“அந்தப் பொண்ணோட அப்பா லைல் ஹௌகனும் நானும் சின்ன வயசுல சர்ச்சுல ஒரே திடப்படுத்தல் வகுப்பு, தெரியுமா உங்களுக்கு? ஒரே பெஞ்சு. பாஸ்டர் கேள்வி கேட்டா அவன் எனக்கு எடுத்துக் குடுப்பான்.”

மார்லிஸ் குரலைத் தாழ்த்தினாள். “ஆரின், பேரு பேசக் கூடாதுன்னு விதி.”

“நீங்க எங்க பேரு சொன்னீங்க? நானும் கேக்கல. நடுவுல வெள்ளைப் பட்டை போட்ட மாடு எங்க ஸ்டோர்மோ பக்கம் அவன விட்டா வேற யாரு வச்சிருக்கா? அவன் பொண்டாட்டி ஆசப்பட்டு வாங்கினதுங்க. அவ கணையத்துலதான் போனா.” அவர் இன்னும் கிட்டே வந்தார். “நான் அன்னிக்கு ராத்திரி தூங்கல மார்லிஸ். ரெண்டு வருஷமா ஒருத்தரும் எட்டிப் பாக்கலையே அவன. அந்தச் சின்னப் பொண்ணு தனியா கெடந்து அல்லாடுது. எங்க ஊரு பாஸ்டர்கிட்ட மட்டும் ஒரு வார்த்த சொன்னேன்.”

“எல்லாத்தையுமா?”

“சொல்லாம எப்படி? நாளைக்குக் காலைல எல்லாருமா போறோம். எங்க சபை ஆளுங்க, பக்கத்துப் பண்ணைக்காரங்க, நானும் போறேன். கொட்டகைய சுத்தம் பண்ணி, மீதி கன்னு போடற வரைக்கும் மாத்தி மாத்தி ஆளு நிக்கறதா ஏற்பாடு. பொம்பளைங்க ஹாட்டிஷ் செஞ்சு எடுத்துட்டு வராங்க. அவன் முகத்துக்கு நேரா யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டோம். சும்மா உதவிக்கு வந்தோம்னுதான்.”

அவர் மேல் மார்லிஸால் கோபப்பட முடியவில்லை. அவர் செய்தது அவளுடைய அப்பா செய்திருக்கக் கூடியது, அவளுடைய ஊரில் யாரும் செய்திருக்கக் கூடியது. ஒரு வீட்டில் துன்பம் என்று தெரிந்தால் உருளைக்கிழங்கும் மாட்டிறைச்சியும் சேர்த்து வேகவைத்த ஹாட்டிஷ் பாத்திரம் பாதையில் இறங்கிவிடும். அதை அவள் அந்த மேசையில் மறந்துபோனாள் என்று சொல்ல முடியாது. நினைக்க நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

அலுவலகத்துக்கு வந்து போனை எடுத்தாள். ஜோரியின் எண்ணை எடுத்து வைத்துக்கொண்டாள். சொன்னால் அந்தப் பெண் அப்பாவைத் தயார்ப்படுத்தலாம், பாஸ்டரைத் தடுக்கலாம், எதுவும் முடியாவிட்டால் அப்பாவை வண்டியில் ஏற்றிக்கொண்டு நாளைக்கு வேறெங்காவது போய்விடலாம். ஆனால் சொல்வதென்றால், நான் வாக்குத் தவறினேன் என்பதிலிருந்து தொடங்க வேண்டும். மார்லிஸ் போனைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். உதவி உதவிதானே, ஒருவேளை நல்லதாகவே முடியலாம், அந்த மனுஷனுக்கும் ஒரு விடிவு வரலாம் என்றெல்லாம் நினைத்தாள். ஐந்து மணிக்குக் கோட்டை மாட்டிக்கொண்டு வீட்டுக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு ஜோரி போன் செய்யவில்லை. மார்லிஸ் அனுப்பிய செய்திகளுக்கு ‘சரி’, ‘நன்றி’ என்று பதில் வந்தது. வேதியியல் இல்லாததால் மற்றப் பாடங்களில் அவள் மதிப்பெண் ஏறியது. கணினியில் அதைப் பார்க்கும்போதெல்லாம் மார்லிஸ் கொஞ்சம் ஆறுதல் அடைந்தாள். மதிப்பெண்ணைப் பார்த்து ஆள் எப்படி இருக்கிறாள் என்று தெரிந்துகொள்வது அந்த வேலைக்காரர்களின் பழக்கம். பெரும்பாலும் அது சரியாகவும் இருக்கும்.

ஏப்ரல் கடைசியில், அடுத்த பருவத்துப் பாடங்களைப் பதிவு செய்கிற நாளில், ஜோரி வந்தாள். பூட்ஸைக் கழற்றவில்லை; கழற்றத் தேவையில்லாமல் சுத்தமாக இருந்தது. கோட்டில் வாசனை இல்லை. புறங்கை ஆறியிருந்தது.

“அன்னிக்கு சனிக்கிழம எங்க வீட்டுக்கு யாரெல்லாம் வந்தாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல” என்றாள்.

“தெரியும்.”

“முன்னாலயே தெரியுமா?”

மார்லிஸ் இந்தத் தடவை பொய் சொல்லவில்லை. “வெள்ளிக்கிழம மத்தியானமே தெரியும்.”

ஜோரி தலையை ஆட்டினாள். அவள் எதிர்பார்த்த பதில் அதுவல்ல என்று முகத்தில் தெரிந்தது. ஏதோ ஒரு கதவைக் கடைசியாகத் திறந்து பார்த்துவிட்டுச் சாத்திக்கொண்டவள் போல இருந்தாள்.

“உங்ககிட்ட ஒரு விஷயம் நான் சொல்லல. நான் உங்ககிட்ட மனுவுக்கு வந்துட்டுப் போன அந்த வாரமே அப்பா குடிய விட்டுட்டாரு.”

“தானா விட்டாரு. யாரும் சொல்லல. ஒரு நாள் காலைல பாட்டில்கள கொட்டகை பின்னால கொண்டு போய்க் கொட்டிட்டு வந்து, ‘பாப்போம்’னாரு. அதுக்கு மேல பேசல. நானும் பேசல. யாருக்கும் தெரியக் கூடாதுங்கறதுல ரொம்பக் குறியா இருந்தாரு. முடியாம போச்சுன்னா அது முடியாம போனதும் யாருக்கும் தெரியக் கூடாதுல்ல. நான் ஒருத்திதான். நீங்க போன் பண்ணப்ப உங்ககிட்ட சொல்லலாம்னு வாய் வர வந்துச்சு. புள்ளைங்க எவ்வளவோ சொல்லுமே உங்ககிட்ட. ஆனா அவருது சின்னதா அப்பத்தான் ஆரம்பிச்சிருந்துச்சு. வெளில எடுக்க மனசு வரல.”

“ஜோரி.”

“இருங்க, சொல்லிடறேன். அந்தச் சனிக்கிழம அவரு கொட்டகை வாசல்ல கன்னுக்குட்டிய புடிச்சுக்கிட்டு நிக்கறாரு. ஷேவ் பண்ணிட்டு, கை நடுங்காம. அப்பத்தான் வண்டி வண்டியா வந்து எறங்கறாங்க. பாஸ்டர் எறங்கினதும் மொதல்ல அப்பா கண்ணத்தான் பாத்தாரு. ஒவ்வொருத்தரும் அதத்தான் பாத்தாங்க. அப்புறம் ரொம்ப அன்பாப் பேசினாங்க, சத்தமா, மெதுவா, நோயாளிகிட்ட பேசற மாதிரி. ஒரு அம்மா எங்க சமையல்கட்டுல ஹாட்டிஷ வச்சிட்டு, பாத்திரம் கழுவற தொட்டிக்குக் கீழ இருக்கற அலமாரியத் தொறந்து பாத்தாங்க. பாட்டில் இருக்கான்னு. அப்பா அதப் பாத்துட்டாரு.”

“அவரு என்ன சொன்னாரு?”

“காப்பி போட்டாரு. எல்லாருக்கும். ஒவ்வொருத்தரா கை குடுத்து நன்றி சொன்னாரு. நான் விட்டுட்டேன்னு சொல்லியிருக்கலாம். சொல்லல. சொன்னா யாரு நம்புவா? குடிக்கறவங்க எல்லாரும் சொல்றதுதானே அது. எல்லாரும் போனதுக்கப்புறம் என்னப் பாத்து, ‘உன் படிப்புக்கு ஒதவிச்சா?’ன்னு கேட்டாரு. ஆமான்னேன். ‘அப்ப சரி’ன்னாரு. வண்டிய எடுத்துட்டு டவுனுக்குப் போனாரு. வரும்போது பாட்டிலோட வந்தாரு. மறைக்கல. மறைக்க எதுவும் இல்லையே இனிமே.”

ஜன்னலுக்கு வெளியே பிள்ளைகள் குட்டைக் கால்சட்டையோடு போய்க்கொண்டிருந்தார்கள். வருஷத்தின் முதல் வெயில்.

“மாட்டையெல்லாம் ஏலத்துல குடுத்துட்டாரு” என்றாள் ஜோரி. “மாடு இருந்தாத்தானே இவங்க உதவிக்கு வருவாங்கன்னாரு. ஈஸ்டருக்கு வரட்டுமான்னு கேட்டேன். வேண்டாம்மா, நீ படின்னாரு. கோவமா சொல்லல. கோவமா சொல்லியிருந்தா நான் போயிருப்பேன்.”

“நான் செஞ்சது தப்பு” என்றாள் மார்லிஸ். “அந்த எடத்துல வாய மூடிக்கிட்டு இருந்திருக்கணும். உன்கிட்ட ஒரு போனாவது பண்ணியிருக்கணும். என்ன…”

“மன்னிப்பு மட்டும் கேக்காதீங்க. நீங்க கேட்டா நான் பரவால்லன்னு சொல்லணும். எங்கள அப்படித்தான் வளத்திருக்காங்க. சொல்ல எனக்கு இஷ்டமில்ல.”

மார்லிஸ் வாயை மூடிக்கொண்டாள். மேசையில் சாய்ந்து நின்ற அவளுடைய பழைய மாணவர்களின் பட்டமளிப்புப் புகைப்படங்கள் எல்லாம் அவளையே பார்த்தன. அவர்களில் எத்தனை பேருடைய வீட்டில் என்ன நடந்தது என்று அவளுக்குத் தெரியாது. அவர்கள் ஜெயித்தது மட்டும்தான் தெரியும்.

“தோத்துப் போறதுக்கு நான் தயாராத்தான் வந்திருந்தேன்” என்றாள் ஜோரி. அவள் குரல் உயரவே இல்லை. “அன்னிக்கே சொன்னேன், போகட்டும்னு. நெசமாத்தான் சொன்னேன். நீங்கதான் தயாரா இல்ல.”

எத்தனையோ பேருக்காக எத்தனையோ மேசைகளில் வார்த்தை கண்டுபிடித்தவளுக்குத் தனக்காக ஒரு வார்த்தை கிடைக்கவில்லை. கண்ணில் நீர் முட்டியது. இந்தப் பெண்ணின் முன்னால் அழுதால், அவள் எழுந்து வந்து தன்னைத் தேற்ற வேண்டியிருக்கும் என்று தோன்றியதும் அதை விழுங்கிக்கொண்டாள். அந்த ஒன்றையாவது அவளால் செய்ய முடிந்தது.

“பதிவு பண்ணிடலாமா?” என்றாள் ஜோரி. “இன்னிக்கு ஆனர்ஸ் ஆளுங்களுக்கு மட்டும்தானே தெறந்திருக்கு. நாளைக்கு எல்லாம் நெறஞ்சிடும்.”

மார்லிஸ் கணினிப் பக்கம் திரும்பினாள். கரிம வேதியியலைத் தேடினாள். வகுப்பில் இடம் நிறைய இருந்தது. சோதனைக்கூடத்துக்கு மட்டும் எல்லா நாளும் நிறைந்துபோய், யாரும் சீண்டாத ஒரு நேரம்தான் மீதி.

“வெள்ளிக்கிழம சாயங்காலம்தான் இருக்கு” என்றாள் தயங்கிக்கொண்டே. “முடிய ஏழு மணி ஆயிடும். வேற ஏதாவது தெறக்குதான்னு நான் கேட்டுப் பாக்கறேன்.”

“அதையே போடுங்க. சனிக்கிழம ஏதாவது இருந்தாலும் போடுங்க” என்றாள் ஜோரி. “எனக்குப் போறதுக்கு இனிமே எடம் ஒண்ணும் இல்ல.”

மார்லிஸ் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்து பொத்தானை அழுத்தினாள். இடம் உறுதியானது என்று திரையில் வந்தது.